கொல்லைக் கோழிகளுக்குச் சளியும் மூச்சிரைப்பும் கண்டால்: முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

கொல்லையில் பத்து இருபது நாட்டுக்கோழிகளை வைத்திருக்கும் வீட்டில், ஒரு கோழி தும்முவதையோ கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்குவதையோ கண்டவுடன் வழக்கமாக நடப்பவை மூன்று. மிளகையும் பூண்டையும் தட்டி உருண்டையாக்கிக் கொடுப்பார்கள். மருந்துக்கடையில் மனிதர்களுக்காக விற்கும் மாத்திரையை உடைத்துத் தண்ணீரில் கரைத்து வைப்பார்கள். இரண்டு நாளில் தேறவில்லை என்றால், சாவதற்குள் காசாக்கிவிட வேண்டும் என்று வாரச்சந்தைக்குக் கொண்டுபோவார்கள். இவற்றில் முதலாவதால் பெரிய கெடுதல் இல்லை. இரண்டாவது பெரும்பாலும் வீண்செலவு. மூன்றாவதுதான் ஓர் ஊரில் தொடங்கிய நோயைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கொண்டு சேர்க்கிறது.

கோழிகளைத் தாக்கும் தொற்றுச் சுவாச நோய்கள் பலவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆய்வகப் பரிசோதனை இல்லாமல், நீண்ட அனுபவம் உள்ள கால்நடை மருத்துவரும் உறுதியாகப் பெயர் சொல்ல முடியாத நிலை அடிக்கடி வரும். ஆகவே நோயின் பெயரைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல், எந்த நோயாக இருந்தாலும் செய்தாக வேண்டியவற்றை முதலில் செய்துவிட்டுப் பெயரைப் பிறகு தேட வேண்டும். கீழே உள்ளவை தமிழ்நாட்டுக் கொல்லைப்புற வளர்ப்பை மனத்தில் வைத்து அந்த வரிசையிலேயே எழுதப்பட்டவை.

இது தொற்றுநோய்தானா?

மூச்சிரைக்கும் கோழி எல்லாம் நோயுற்ற கோழி என்று சொல்லிவிட முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகல் நேரத்தில் எல்லாக் கோழிகளும் ஒருசேர வாயைத் திறந்து, இறக்கைகளை உடலிலிருந்து சற்று விலக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும். அதில் சளியும் இருக்காது, சத்தமும் இருக்காது. நிழலும் குளிர்ந்த நீரும் கிடைத்தால் மாலைக்குள் சரியாகிவிடும். மழைக்காலத்தில் ஈரமான எச்சம் தேங்கி, காற்றோட்டம் இல்லாமல் மூடிக் கிடக்கும் கூண்டில் அம்மோனியா வாயு சேர்ந்து கண்ணையும் மூக்கையும் எரித்துத் தும்மலை உண்டாக்கும். இதை அறிய நின்றபடி மோந்து பார்த்தால் போதாது. கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து பார்த்து, உங்கள் கண் கரித்தால் கூண்டின் காற்று கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பூஞ்சை பிடித்த வைக்கோல் அல்லது கடலைத்தோல் மேல் விடப்பட்ட குஞ்சுகள் நுரையீரலில் பூஞ்சை தாக்கி இரைக்கும். அது ஒரு குஞ்சிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதில்லை. மூச்சுக்குழலில் தங்கும் புழுவாலும் கோழி கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளக்கும்.

ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகளுக்கு அடுத்தடுத்த நாட்களில் தும்மல், மூக்கொழுகல், கண்ணில் நுரை, முகவீக்கம், கரகரவென்ற மூச்சுச் சத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு தெரிந்தாலும் தொற்று என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தவறாகச் சந்தேகித்தால் சில நாள் உழைப்புதான் வீணாகும். சந்தேகிக்காமல் விட்டால் கொட்டில் காலியாகிவிடும்.

முதல் சில மணி நேரத்தில்

நோய் தெரியும் கோழியை உடனே பிரித்து வையுங்கள். அதே கூரையின் கீழ், அடுத்த மூலையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடி வைப்பது பிரித்து வைத்ததாகாது. இந்நோய்கள் தும்மலில் தெறிக்கும் துளிகளாலும் தூசியாலும் பரவுபவை. வீட்டின் வேறு பக்கத்தில், காற்று அந்தக் கோழியிடமிருந்து மற்றவற்றை நோக்கி வீசாத இடத்தில், நிழலும் காற்றோட்டமும் உள்ளதாகப் பார்த்து வைக்க வேண்டும். அதற்கென்று தனித் தண்ணீர்ச் சட்டியும் தனித் தீவனத் தட்டும் வேண்டும். தண்ணீர்ச் சட்டிதான் சளி கலந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நோய் தாவும் முதல் இடம்.

அடுத்து, நலமாகத் தெரியும் மற்ற கோழிகளையும் மேய விடாமல் அடைத்து வைக்க வேண்டும். பலர் தயங்கும் இடம் இதுதான். காலையில் திறந்துவிட்டால் மாலையில் தானாக வந்து அடையும் கோழியை நாள்முழுவதும் அடைத்துத் தீனி போடுவது செலவுதான். ஆயினும் நோய்க்குறி தெரிவதற்கு முன்பே கிருமியை வெளியேற்றத் தொடங்கும் கோழி உங்கள் கூட்டத்தில் இருக்கக்கூடும்; அது குப்பைமேட்டில் அடுத்த வீட்டுக் கோழிகளோடு சேர்ந்து கிளறும்போது நோய் தெருவுக்குப் போய்விடும். கம்பு, உடைத்த சோளம், அரிசிக் குருணை, நறுக்கிய முருங்கைக்கீரை ஆகியவற்றைக் கொண்டு அடைத்த நிலையிலும் சில வாரம் சமாளிக்கலாம்.

கோழி, முட்டை, எச்ச உரம், கூடை, முட்டை அட்டை எதுவும் இந்த நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. புதிதாக எதுவும் உள்ளே வரவும் கூடாது. அடைவைக்கக் கோழி கேட்டு வரும் உறவினருக்கும், வாசலில் வந்து விலை பேசும் வியாபாரிக்கும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். வியாபாரியின் சைக்கிள் கூடை பல ஊர்க் கோழிகள் இருந்த கூடை என்பதையும் மறக்க வேண்டாம். அக்கம்பக்கத்தாரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். 'உன் கோழியால்தான் வந்தது' என்ற பேச்சு வருமே என்று மறைப்பவர்கள் உண்டு. சொல்லாமல் விட்டால் அந்தப் பேச்சு பின்னால் இன்னும் கடுமையாக வரும் என்பதோடு, அவர்கள் தங்கள் கோழியைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் போய்விடும்.

கவனிப்பவர் ஒருவராகவே இருப்பது நல்லது. முதலில் நலமான கோழிகள், கடைசியில் நோயுற்ற கோழி என்ற வரிசையை ஒருபோதும் மாற்றக்கூடாது. நோயுற்ற கோழி இருக்கும் இடத்துக்கென ஒரு பழைய செருப்பையும் ஒரு மேல்சட்டையையும் அங்கேயே வைத்துவிட்டு, வெளியே வந்ததும் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுங்கள். சாதாரணச் சோப்பை எளிதாக எண்ண வேண்டாம். வெள்ளைக்கழிச்சல், பறவைக்காய்ச்சல், தொற்று மூச்சுக்குழல் அழற்சி ஆகியவற்றின் வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்கச் செய்கிறது.

ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள்: தேதி, மொத்தக் கோழி, நோயுற்றவை, இறந்தவை, முட்டை, என்னென்ன குறிகள். நோய் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதே அதன் பெயரைக் காட்டும் முக்கியத் துப்பு. மருத்துவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

கோழியைப் பார்க்கும் முறை

இரவில் கோழிகள் அடைந்து அரைமணி நேரம் கழித்து, விளக்கை அணைத்துவிட்டுக் கூண்டருகே சத்தமில்லாமல் நில்லுங்கள். பகலில் கொக்கரிப்பிலும் கிளறலிலும் மறைந்துவிடும் ஒலிகள் அப்போது தெளிவாகக் கேட்கும். நலமான கூட்டத்தில் இறகு சரசரப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. சளி கட்டியிருந்தால் மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் கொரகொரவென்ற ஒலியும், இடையிடையே சொடுக்கும் தும்மலும் கேட்கும். பகலில் ஒரு கோழிக்குத்தான் நோய் என்று நினைத்திருந்தவர்களுக்கு நான்கு மூலையிலிருந்தும் சத்தம் வருவது இரவில்தான் தெரியவரும். தொடர்ந்து சில இரவுகள் கேட்டால் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் விளங்கும்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு கோழியையும் கையிலெடுத்துப் பாருங்கள். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது; நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு ஓடும். மூச்சுத்திணறும் கோழியை அழுத்திப் பிடித்தால் கையிலேயே உயிர்விடும். இறக்கைகளை உடலோடு சேர்த்து ஒரு துணியால் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

முதலில் கண். உள்மூலையில் சிறு நுரைக் குமிழிகள் தெரிகின்றனவா, இமைகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மூக்குத்துளை. அதன்மேல் தீவனத்தூள் ஒட்டிக் காய்ந்திருந்தால் சளி ஒழுகியிருக்கிறது. துளைக்குச் சற்று மேலே விரலால் மெதுவாக அழுத்தினால் நீரோ சீழோ வெளிவரும், அதை மோந்தும் பாருங்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட பகுதி ஒருபக்கமாகப் புடைத்திருக்கிறதா? தோள் இறகுகள் அழுக்கேறி ஒட்டிப்போயிருக்கின்றனவா? மூக்கொழுகும் கோழி தன் முகத்தை அங்கேதான் துடைத்துக்கொள்ளும். அலகைத் திறந்து நாக்கின் அடியிலும் அண்ணத்திலும் மஞ்சள் நிறப் படலம் இருக்கிறதா என்று பார்த்து, கொண்டையும் தாடியும் சிவந்திருக்கின்றனவா, வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கின்றனவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தீனிப்பையைத் தொட்டால் இரை எடுத்திருக்கிறதா என்பது தெரியும். நெஞ்செலும்பைத் தடவினால் எத்தனை நாளாக இளைத்துவருகிறது என்பது தெரியும். கடைசியாக எச்சத்தின் நிறம், கால் செதில்களுக்கு அடியில் இரத்தக்கட்டு.

எது எந்த நோயாக இருக்கலாம்

தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது வெள்ளைக்கழிச்சல். உத்தராகண்டின் மலையூரான இராணிக்கெட்டின் பெயரால் இராணிக்கெட் நோய் என்றும் வழங்கும் இது ஒரு வைரஸ் நோய். கோழி தூங்கி விழும், இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கும், வாயைத் திறந்து இரைக்கும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். தப்பிப் பிழைத்தவற்றில் சில நாள் கழித்துக் கழுத்து திருகிக்கொள்வது, காலோ இறக்கையோ இழுத்துக்கொள்வது போன்ற நரம்புக் குறிகள் வரும். முட்டை திடீரென்று நின்றுபோகும், அல்லது தோல்முட்டையாக விழும். கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 6 நாளில் குறி தெரியும். 2 நாளிலும் தெரியலாம், 15 நாள் வரையும் ஆகலாம். பெயர் கழிச்சலாக இருப்பதால், கழியாத கோழிக்கு இது இருக்காது என்று எண்ணுகிறவர்கள் பலர். சில தாக்குதல்களில் மூச்சுத்திணறலே முதலிலும் முதன்மையாகவும் வரும். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது; தடுப்பூசி மட்டுமே வழி. தடுப்பூசி இல்லாத கூட்டத்தில் கடுமையான வகை புகுந்தால் ஏறக்குறைய எல்லாமே மடியலாம்.

நாட்பட்ட சுவாச நோய் இதற்கு நேர்மாறாக மெதுவாக நகரும். மைக்கோப்ளாஸ்மா என்னும் நுண்ணுயிர் இதற்குக் காரணம். கண்ணில் நுரை, இரவில் கொரகொரப்பு, வாரக்கணக்கில் தேய்ந்துகொண்டே போகும் உடல், குறைந்த சாவு, குறைந்த முட்டை என்று இழுத்துக்கொண்டே போகும். தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்பதால், இந்நோய் கண்ட கோழியின் முட்டையை அடைவைக்கக்கூடாது. மைக்கோப்ளாஸ்மாவுக்குச் செல்சுவர் இல்லை. பென்சிலின், அமாக்ஸிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்கியே வேலை செய்பவை. கடையில் கேட்டு வாங்கிக் கரைத்து வைக்கும் அமாக்ஸிசிலின் இந்நோயில் ஏன் ஒன்றும் செய்வதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

முகம் ஒருபக்கமாக வீங்கி, மூக்கிலிருந்து வரும் சளி தாங்கமுடியாத நாற்றம் அடித்தால் அது தொற்றுச் சளிநோயான கோரைசா. பாக்டீரியாவால் வரும் இது ஓரிரு நாளில், மிஞ்சினால் மூன்று நாளில் வெளிப்பட்டு வேகமாகப் பரவும். உரிய மருந்துக்கு நன்கு இறங்கும். ஆனால் தேறிய கோழி கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும்.

ஒரே இரவில் கூட்டம் முழுதும் தும்மத் தொடங்கி, முட்டை ஓடு சுருங்கியும் வெள்ளைக்கரு நீர்த்தும் போனால் தொற்று மூச்சுக்குழல் அழற்சியை நினைக்க வேண்டும். இருமும்போது இரத்தம் கலந்த சளி சுவரிலோ அலகிலோ தெறித்தால் குரல்வளை மூச்சுக்குழல் அழற்சி. கொண்டையில் அம்மைக் கொப்புளமும் வாய்க்குள் மஞ்சள் படலமும் சேர்ந்து தெரிந்தால் தொண்டையைத் தாக்கிய கோழியம்மை. ஒரே கோழியில் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும் என்பதால், மேலே சொன்ன குறிகளை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம்.

பறவைக்காய்ச்சலை இவற்றோடு சேர்த்து வரிசைப்படுத்த நான் விரும்பவில்லை. அதை அணுகும் முறையே வேறு. இந்தியக் கோழிகளில் இது முதன்முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். நமக்கு அருகில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளிலும் கோழிகளிலும் 2014இலும் 2021இலும் கண்டது. ஓரிரு நாளுக்குள் பல கோழிகள் முன்குறியே இல்லாமல் சாவது, கொண்டையும் தாடியும் நீலமாகி வீங்குவது, தலை வீங்குவது, கால் செதிலடியில் இரத்தம் கட்டுவது, அக்கம்பக்கத்தில் காக்கையோ நீர்ப்பறவையோ செத்துக் கிடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் கோழியைத் தொடுவதையே நிறுத்துங்கள். இறந்த கோழியை அறுத்துப் பார்க்கவோ, பையில் போட்டு எங்கும் எடுத்துச் செல்லவோ வேண்டாம். தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். கடுமையான வெள்ளைக்கழிச்சலும் இப்படியே தோன்றும். இரண்டையும் பிரித்தறிவது ஆய்வகத்தின் வேலை.

யாரிடம், எப்படிச் சொல்வது

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கு நேரில் போகும் முன், தொலைபேசியில் பேசுங்கள்; அல்லது 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். மாவட்டந்தோறும் கால்நடைப் பராமரிப்புத் துறையின் நோய் புலனாய்வுப் பிரிவு உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கோழிநோய்களை ஆராயும் வசதி உள்ளது. 2009ஆம் ஆண்டின் விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியலில் உள்ள நோய் இருப்பதாகச் சந்தேகித்தால் தகவல் தருவது வளர்ப்பவரின் கடமை. அத்தகைய கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோவது குற்றம். பறவைக்காய்ச்சல், வெள்ளைக்கழிச்சல் இரண்டும் அப்பட்டியலில் உள்ளன.

சொன்னால் எல்லாக் கோழியையும் அழித்துவிடுவார்களே என்ற அச்சம் பரவலாக இருக்கிறது, அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. பல வீடுகளில் கோழிக்காசுதான் பெண்களின் கையில் தனியாக நிற்கும் பணம். ஆனால் கூட்டத்தோடு அழிப்பது உறுதிசெய்யப்பட்ட பறவைக்காய்ச்சலுக்கான நடவடிக்கை. வெள்ளைக்கழிச்சலுக்கோ சளிநோய்க்கோ கொல்லைப்புறத்தில் அப்படிச் செய்வதில்லை. பறவைக்காய்ச்சலே உறுதியானாலும், அரசு அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு உண்டு, அதற்கு முன் தானாக இறந்த கோழிக்கு இல்லை. ஆகவே பணக்கணக்கில் பார்த்தாலும் தாமதிப்பதுதான் நட்டம்.

பறவைக்காய்ச்சல் சந்தேகம் இல்லை என்று மருத்துவர் கருதி மாதிரி கேட்டால், புதிதாக இறந்த கோழியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, பனிக்கட்டியோடு பெட்டியில் வைத்து அன்றே கொடுக்க வேண்டும். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்துவிடும். வெயிலில் வைத்திருந்த கோழி அழுகிப் பயனற்றுப்போகும். ஆன்டிபயாட்டிக் எதுவும் கொடுக்காத கோழியிலிருந்து எடுத்த மாதிரிதான் நம்பத்தக்க முடிவைத் தரும். மருந்து கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பராமரிப்பும் மருந்தும்

எந்தக் கிருமியாக இருந்தாலும், கோழியைக் காப்பதில் பாதி வேலை பராமரிப்பில் இருக்கிறது. நோயுற்ற கோழி தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளத் திணறும். இரவில் சாக்குத்துணியால் மூன்று பக்கம் மறைத்து, ஒரு பக்கம் காற்றுக்குத் திறந்து வையுங்கள். முழுவதும் மூடிவிட்டால் ஈரமும் அம்மோனியாவும் சேர்ந்து நோயைக் கூட்டும். மூக்கடைத்த கோழி இரை எடுக்காது, ஆனால் பெரும்பாலும் தண்ணீர் குடிக்கும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து, காலையும் மாலையும் புதிதாக மாற்றி வைக்கலாம். குருணையை வேகவைத்துக் குழைத்து, அரைத்த முருங்கைக்கீரை சேர்த்துச் சிறிது சிறிதாக வையுங்கள். சுவாசப்பாதையின் உட்சவ்வு சீராக இருக்க வைட்டமின் ஏ தேவை, கீரையில் அதற்கான சத்து நிறைய உண்டு.

வாயைப் பிளந்து தண்ணீரோ கஷாயமோ ஊற்றுவதைத் தவிருங்கள். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது. ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். சாப்பிடாத கோழிக்கு அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது தானாக விழுங்கக் காத்திருக்க வேண்டும். ஒட்டிய கண்ணை, கொதித்தாறிய ஒரு டம்ளர் நீரில் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, பஞ்சில் நனைத்து உள்மூலையிலிருந்து வெளியே துடைத்துவிடலாம். ஒவ்வொரு கோழிக்கும் புதுப் பஞ்சு.

சளிக்கு நல்லது என்று கூண்டுக்குள் வேப்பிலைப் புகையோ சாம்பிராணிப் புகையோ போடும் வழக்கம் உண்டு. மூச்சுக்குத் தவிக்கும் பறவையின் காற்றுப்பாதையைப் புகை மேலும் புண்ணாக்கும். மனிதருக்கு இதமாக இருப்பது கோழிக்கும் இதமாக இருக்கும் என்று இந்த ஒன்றில் நம்ப வேண்டாம்.

மூலிகை மருந்தைப் பொறுத்தவரை என் கருத்து இது. துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, மிளகு, மஞ்சள், பூண்டு சேர்த்து அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுப்பதில் தவறில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் மரபுவழி மூலிகை முறைகளைத் தொகுத்துப் பரிந்துரைத்து வருகிறது. இலேசான சளியில் கோழி இரை எடுக்கவும் தெளியவும் அவை உதவலாம். வெள்ளைக்கழிச்சல் வைரஸை அவை நிறுத்தும் என்று நம்பி, பிரித்து வைப்பதையும் மருத்துவரை அழைப்பதையும் தள்ளிப்போடக்கூடாது.

ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வைரஸ் தாக்கிய நுரையீரலில் பின்னால் புகும் பாக்டீரியாவைத் தடுக்க மருத்துவர் சிலசமயம் அதை எழுதித் தருவார். மைக்கோப்ளாஸ்மாவுக்கு டைலோசின், டாக்ஸிசைக்ளின் போன்றவை பயன்படுகின்றன. எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கோழியின் எடையையும் குடிக்கும் தண்ணீரின் அளவையும் வைத்து மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும். தேறியதுபோல் தெரிந்தவுடன் பாதியில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமியைத்தான் வளர்ப்போம். மருந்து கொடுக்கும் நாட்களிலும், முடிந்தபின் மருத்துவர் சொல்லும் நாட்கள்வரையும் அந்தக் கோழியின் முட்டையையும் இறைச்சியையும் உண்ணவோ விற்கவோ கூடாது. மனிதருக்குக் கடைசிப் புகலாக உள்ள கோலிஸ்டின் என்னும் மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடைசெய்துவிட்டது. பழைய புட்டி வீட்டில் கிடந்தாலும் பயன்படுத்தாதீர்கள்.

இறந்த கோழியும் கூண்டுச் சுத்தமும்

இறந்த கோழியை ஓடையிலோ சாலையோரத்திலோ எறிந்தால் நாயும் காக்கையும் அதை ஊரெங்கும் இழுத்துச் செல்லும். கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, மேட்டு நிலத்தில், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி எடுத்து, கோழியின் அடியிலும் மேலும் சுண்ணாம்புத்தூள் தூவி மூடுங்கள். செத்த கோழியையும் சாகக் கிடந்ததை அறுத்ததையும் சமைக்க வேண்டாம். நன்றாக வேகவைத்தால் கிருமி இறந்துவிடும் என்பது உண்மைதான். ஆபத்து இருப்பது அறுக்கும்போதும் இறகு பிடுங்கும்போதும் கையிலும் மூக்கிலும் படுவதில்.

கூண்டைக் காய்ந்த நிலையில் பெருக்கினால் கிருமித் தூசி காற்றில் எழும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, எச்சத்தையும் பழைய படுக்கையையும் அள்ளிப் புதைத்துவிட்டு, சுரண்டித் தேய்த்துக் கழுவி உலரவிடுங்கள். அதன்பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசல், ஒரு லிட்டர் நீருக்கு 30 கிராம் என்ற அளவில். எச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் ஊற்றினால் பிளீச்சிங் பவுடரின் வீரியம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துபோகும். இந்த வரிசையை மாற்றியதால்தான் மருந்து அடித்தும் நோய் திரும்பியது என்று பலர் சொல்லக் கேட்கிறோம். கரைசலை அன்றன்றே கலக்க வேண்டும், கோழி உள்ளே இருக்கும்போது அடிக்கக்கூடாது. மூங்கில் பஞ்சாரத்தைக் கழுவி வெயிலில் காயவைப்பதும், மண்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் செலவில்லாத நல்ல வழிகள்.

கவனிப்பவர் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிய வேண்டும். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முதியவர்களையும் அந்தப் பக்கம் விட வேண்டாம். வெள்ளைக்கழிச்சல் வைரஸ் கண்ணில் பட்டால் மனிதருக்குக் கண் சிவந்து நீர் வடியும், சில நாளில் சரியாகும். பறவைக்காய்ச்சல் அப்படி அடங்குவதில்லை. கோழிகள் திடீரெனச் செத்த வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், மருத்துவமனையில் கோழிகள் இறந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நோய் தணிந்த பின்

கடைசிக் கோழிக்குக் குறி மறைந்த நாளிலிருந்து குறைந்தது 30 நாள் வாங்குவதும் விற்பதும் வேண்டாம். பிறகு எடுக்க வேண்டிய முடிவு நோயின் பெயரைப் பொறுத்தது. மைக்கோப்ளாஸ்மா, கோரைசா, குரல்வளை அழற்சி ஆகியவற்றில் தேறிய கோழி பார்வைக்கு முழு நலத்தோடு இருந்தாலும் கிருமியைத் தன்னுள் வைத்திருந்து, மழை, இடமாற்றம், முட்டைக் காலம் போன்ற அலைச்சலின்போது மீண்டும் வெளிவிடும். அத்தகைய கூட்டத்தோடு புதுக்கோழியைச் சேர்த்தால் புதியது விழும். இரண்டே வழிகள் உண்டு: இருக்கும் கூட்டத்தை மூடிய கூட்டமாகவே வைத்து, முட்டைக்கு மட்டும் பயன்படுத்தி, அவற்றின் காலம் முடிந்தபின் கூண்டைக் காலிசெய்து தொடங்குவது, அல்லது மருத்துவர் ஆலோசனையோடு இப்போதே முழுதாகக் கழித்துவிட்டு, சுத்தம் செய்து, கூண்டை ஒரு மாதமேனும் வெயில்படக் காலியாக விட்டுத் தொடங்குவது. ஆசையாக வளர்த்த நல்ல சேவலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிப்பது இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டின் பலனையும் இழப்பதாகும்.

அடுத்த கூட்டத்துக்குத் தடுப்பூசி இல்லாமல் தொடங்க வேண்டாம். வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நான்காவது வாரம்போல் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, 8 வாரம் ஆனபின் இறக்கையடித் தோலுக்குக் கீழ் ஆர்2பி என்னும் தடுப்பூசி என்பது பழகிய வரிசை. ஆர்2பி வீரியம் மிகுந்தது. குஞ்சுகளுக்கும் ஏற்கெனவே சளியோடு இருக்கும் கோழிகளுக்கும் போட்டால் அதுவே கெடுதல் செய்யும். ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்குவது பலனைக் கூட்டும். இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இத்தடுப்பூசியைத் தயாரிக்கிறது. ஆண்டுதோறும் கோடைக்கு முன், பொதுவாகப் பிப்ரவரியில், கால்நடைத் துறை கிராமங்களில் இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. முகாம் நாளில் கோழிகளைக் காலையில் திறந்துவிடாமல் வைத்திருந்தாலே போதும்.

ஊசி போட்டும் நோய் வந்தது என்ற குறையைக் கேட்கும்போதெல்லாம் குளிர்ச்சி விட்டுப்போனதா என்று விசாரிக்க வேண்டும். உயிர்த் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். கரைத்தபின் பனிக்கட்டிமேல் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். சட்டைப்பையில் வெயிலோடு வந்த புட்டியில் உயிருள்ள வைரஸ் மிஞ்சியிருக்காது. குடிநீரில் கலப்பதானால் குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது.

சந்தையில் வாங்கிய கோழி எவ்வளவு துறுதுறுப்பாக இருந்தாலும் 30 நாள் தனியே வைத்து, தனிச் சட்டியில் தண்ணீர் கொடுத்து, இரவில் போய்க் காது கொடுத்துக் கேளுங்கள். கடைசி இரண்டு வாரம் உங்கள் கூட்டத்திலிருந்து விலைபோகாத ஒரு பெட்டையைக் கொண்டுபோய்ப் புதியவற்றோடு விடுங்கள். புதியவற்றில் ஏதேனும் கிருமியைச் சுமந்துவந்திருந்தால் அந்தப் பெட்டைக்கு முதலில் தும்மல் வரும். வராமல் நலமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே கூண்டில் சேர்த்துவிடலாம்.